அலுவலக அஞ்சலும் லினக்ஸ் கணிப்பொறியும்

கோடை விடுமுறையில் தொழில் நிறுவனங்களுக்குப் பயிற்சிக்குச் சென்று திரும்பும் மன்ற நண்பர்கள் ஆண்டுதோறும் என்னிடம் ஒரே குறையைத்தான் சொல்லுகிறார்கள். "அறையில் நான் வைத்திருப்பது லினக்ஸ். படிப்பு, ஆராய்ச்சி எல்லாம் அதிலேதான். நிறுவனத்தில் அஞ்சல் பெட்டி கொடுத்தபோது, 'அவுட்லுக் வைத்துக்கொள். லினக்ஸில் இதெல்லாம் வராது' என்று சொல்லிவிட்டார்கள். மெய்யாகவே வராதா?" என்று கேட்கிறார்கள். வரும் என்பதே என் விடை. எந்த வழியாக வரும், எங்கே இடறும், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பவற்றை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி அலுத்துவிட்டபடியால், நம் இதழிலேயே எழுதிவிடுவது நலம் என்று துணிந்தேன். பயிற்சிக்குப் போகாதவர்களும் படிக்கலாம். நம் நாட்டில் பல கல்வி நிலையங்கள் மாணவர்க்கு வழங்கும் அஞ்சல் பெட்டியே இன்று மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் சேவையில்தான் இருக்கிறது.

"வராது" என்று சொன்னவர்மீது கோபம் கொள்ள வேண்டியதில்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி எது என்று தெரிந்துகொண்டால் மற்றப் பாதி எளிதாகிவிடும்.

முதலில் கடிதத்தை எடுத்துக்கொள்வோம். ஊரிலிருந்து தாயார் எழுதும் கடிதம் ஆயிரம் கல் தொலைவுக்கு மேல் கடந்து நம் விடுதிக்கு வந்து சேருகிறது. சங்கரன்கோவிலில் அதற்கு முத்திரை குத்தியவரும், இங்கே அதைக் கொண்டுவந்து கொடுக்கும் அஞ்சற்காரரும் ஒருவர் மொழியை மற்றவர் அறியார். ஆயினும் கடிதம் வழி தவறுவதில்லை. முகவரியை எங்கே எழுதுவது, அஞ்சல் தலையை எங்கே ஒட்டுவது, பையை எங்கே மாற்றுவது என்பதற்கெல்லாம் பொதுவிதி இருக்கிறது, அவ்வளவே. மின்னஞ்சலும் இவ்வாறு பொதுவிதியால் வளர்ந்ததே. 1971-ஆம் ஆண்டு ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்கு வலைவழியே கடிதம் அனுப்பிக் காட்டினார். முகவரியின் நடுவே நாம் இடும் சுழிக் குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. 1982-இல் ஜான் போஸ்டல் எழுதி வெளியிட்ட எஸ்.எம்.டி.பி. என்னும் விதி, ஒரு சேவையகம் மற்றொரு சேவையகத்திடம் கடிதத்தை எப்படி ஒப்படைக்க வேண்டும் என்று வகுத்தது. 1986-இல் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தில் மார்க் கிரிஸ்பின் உருவாக்கிய ஐமேப், சேவையகத்தில் கிடக்கும் கடிதங்களை நாம் இருந்த இடத்திலிருந்தே புரட்டிப் படிக்க வழி செய்தது. இவ்விதிகள் எவர்க்கும் தனியுடைமை அல்ல. எவரும் படிக்கலாம், படித்து மென்பொருள் எழுதலாம். லினக்ஸில் கடிதம் படிப்பது ஒருநாளும் பெரிய பாடாக இருந்ததில்லை என்பதற்குக் காரணம் இதுவே.

அலுவலகத்துக்குக் கடிதம் மட்டும் போதாது. திங்கட்கிழமை பத்து மணிக்கு ஐவர் கூட வேண்டும். ஐவருக்கும் அந்நேரம் ஒழிவு உண்டா என்று பார்க்க வேண்டும். கூடும் அறை காலியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேலாளர் ஊரில் இல்லாதபோது அவர் பெட்டியை அவருடைய செயலாளர் திறந்து பார்க்க வேண்டும். மூவாயிரம் ஊழியரின் முகவரிகள் ஒரே ஏட்டில் கிடைக்க வேண்டும். இத்தனையையும் ஒரே கூரையின்கீழ் வைத்துக் காப்பதுதான் கூட்டுப்பணிச் சேவையகம். 1989-இல் வந்த லோட்டஸ் நோட்ஸ் இவ்வகையில் முன்னோடி. மைக்ரோசாப்ட் தன் எக்ஸ்சேஞ்ச் சேவையகத்தை 1996-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர்ப் பெரிய அலுவலகங்களில் மிகப் பலவற்றை அது பிடித்துக்கொண்டது.

சிக்கல் அங்கேதான் பிறந்தது. எக்ஸ்சேஞ்சும் அவுட்லுக்கும் தமக்குள் பேசிக்கொண்டது மாபி என்னும் சொந்த மொழியில். 1997-இல் வந்த எக்ஸ்சேஞ்ச் 5.5 ஐமேப் மொழியையும் கற்றுக்கொண்டது உண்மைதான். ஆனால் ஐமேப் கடிதத்துக்கான மொழி. அதில் நாட்காட்டி கிடையாது. முகவரி ஏடும் கிடையாது. ஐமேப் வழியாக நுழைந்த லினக்ஸ்காரர், கல்யாண வீட்டு வாசலில் சந்தனமும் பன்னீரும் பெற்றுக்கொண்டு பந்திக்குப் போகாமல் திரும்பியவர் ஆனார்! நாட்காட்டிக்கும் பொதுவிதிகள் பிறக்காமல் இல்லை. அழைப்பை எழுதும் வடிவமாகிய ஐகேலண்டர் 1998-இலும், நாட்காட்டியைச் சேவையகத்தில் வைத்துப் பகிர்ந்துகொள்ளும் கால்டேவ் 2007-இலும், முகவரி ஏட்டுக்கான கார்டுடேவ் 2011-இலும் வெளிவந்தன. எக்ஸ்சேஞ்ச் இவற்றுள் முதலாவதைக் கடிதங்களோடு வர இசைந்தது; மற்ற இரண்டுக்கும் வாசல் திறக்கவில்லை. "வராது" என்ற பேச்சிலுள்ள பாதி உண்மை இதுதான்.

வாசல் திறக்காவிட்டால் சாளரம் உண்டல்லவா? 1999-இல் மிகேல் டி இக்காசா, நாட் பிரீட்மன் என்ற இரு இளைஞர்கள் தொடங்கிய நிறுவனம் பிறகு ஸிமியன் என்று பெயர் பெற்றது. எவலூஷன் என்ற அஞ்சல் மென்பொருள் அங்கே பிறந்ததுதான். 2001 டிசம்பரில் அதன் முதல் முழு வெளியீடு வந்தது. கூடவே கனெக்டர் என்ற துணை மென்பொருளையும் விலைக்கு விற்றார்கள். அது கையாண்ட உபாயம் சுவையானது. வெளியூர் சென்ற ஊழியர் உலாவியிலேயே தம் பெட்டியைப் பார்ப்பதற்காக எக்ஸ்சேஞ்ச் 2000 ஓர் இணையப் பக்கம் வைத்திருந்தது. அந்தப் பக்கத்துக்காக ஏற்பட்ட வெப்டேவ் என்ற வழியிலேயே கனெக்டர் உள்ளே சென்று, கடிதத்தோடு நாட்காட்டியையும் முகவரி ஏட்டையும் எடுத்துக்கொண்டு வந்தது. 2003-இல் நாவல் நிறுவனம் ஸிமியனை விலைக்கு வாங்கியது. 2004 மே மாதம் கனெக்டரின் மூலநிரல் அனைவர்க்கும் திறந்துவிடப்பட்டது. நாவலோ குரூப்வைஸ் என்ற போட்டிச் சேவையகத்தை விற்றுவந்த நிறுவனம். எதிர்க் கடைக்குப் போக இலவச வண்டி விட்ட வணிகர் வேறு எவரேனும் உண்டா, அறியேன்!

பிறர் வீட்டுச் சாளரத்தை நம்பியிருப்பவர், அவர்கள் வீட்டை இடித்துக் கட்டும்போது தவிக்கத்தான் வேண்டும். எக்ஸ்சேஞ்ச் 2007-இல் எக்ஸ்சேஞ்ச் வெப் சர்வீசஸ் என்ற புதிய வாசல் வந்தது. சுருக்கமாக இ.டபிள்யூ.எஸ். என்பர். அடுத்து வந்த 2010 வெளியீட்டில் பழைய வெப்டேவ் வழி அடைக்கப்பட்டது. கனெக்டரின் காலமும் அதோடு முடிந்தது. நல்ல வேளையாக, 2008 பிப்ரவரியில் மைக்ரோசாப்ட் தன் சேவையகங்கள் பேசும் மொழிகளின் இலக்கணத்தை வெளியிட முன்வந்தது. ஐரோப்பாவில் போட்டிச் சட்டத்தின்கீழ் நடந்த வழக்கில் 2007 செப்டம்பரில் அந்நிறுவனம் தோற்றிருந்ததையும் இதனோடு சேர்த்துப் பார்ப்பதே முறை. மாபி மொழியை நேராகவே பேச முயன்ற ஓப்பன்சேஞ்ச் என்ற திட்டம் ஒருபுறம் நடந்தது. இ.டபிள்யூ.எஸ். வாசல் வழியே செல்லும் துணை மென்பொருள் ஒன்று எவலூஷனுக்காக மறுபுறம் எழுதப்பட்டது. பின்னதே வேரூன்றியது. நாம் பயன்படுத்தப் போவதும் அதைத்தான்.

நிற்க. செய்முறைக்கு வருவோம்.

உங்கள் அஞ்சல் பெட்டி எங்கே இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சில நிறுவனங்கள் எக்ஸ்சேஞ்சைத் தம் சொந்தக் கட்டடத்தில் வைத்து நடத்துகின்றன. பெரும்பாலோர் மைக்ரோசாப்டிடமே வாடகைக்கு விட்டுவிட்டார்கள். அதற்கு எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் என்று பெயர். கண்டுபிடிக்க ஒரு சிறு சோதனை போதும். உலாவியில் உங்கள் அலுவலக அஞ்சலைத் திறந்து பாருங்கள். நுழைவுப் பக்கத்தின் முகவரி நிறுவனத்தின் பெயரிலேயே நின்றால் அநேகமாகச் சொந்தச் சேவையகம். மைக்ரோசாப்டின் பக்கத்துக்குத் தாவினால் வாடகை வீடு. இவ்விரண்டுக்கும் நுழையும் முறை வேறு.

சொந்தச் சேவையகம் எனில் வேலை எளிது. எவலூஷனை நிறுவுங்கள். அதோடு இ.டபிள்யூ.எஸ். துணைப் பொதியையும் தனியாகக் கேட்டு நிறுவ வேண்டும். பல லினக்ஸ் வெளியீடுகளில் அது தானாக வருவதில்லை. "பட்டியலில் எக்ஸ்சேஞ்ச் என்ற பெயரே காணோமே!" என்று என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் இப்பொதியை நிறுவாதவர்களே. பிறகு புதிய அஞ்சல் கணக்கு சேர்க்கும் இடத்தில் பெயரும் முகவரியும் கொடுத்து, சர்வர் டைப் என்ற இடத்தில் எக்ஸ்சேஞ்ச் வெப் சர்வீசஸ் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்து வாசலின் முகவரி கேட்கும். அதை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை; பக்கத்திலேயே பெட்ச் யூ.ஆர்.எல். என்ற பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் எவலூஷன் ஆட்டோடிஸ்கவர் என்ற ஏற்பாட்டின் வழியே சேவையகத்தையே விசாரித்து முகவரியை வாங்கிக்கொள்ளும்.

இங்கே இரண்டு இடறல்கள் உண்டு. ஒன்று, பயனர் பெயர். அஞ்சல் முகவரியும் நிறுவனத்துக்குள் வழங்கும் பயனர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. முன்னால் டொமைன் பெயரும் ஒரு பின்சாய்கோடும் இட்டுப் பெயரை எழுத வேண்டிய இடங்கள் பல. கடவுச்சொல் சரியாக இருந்தும் மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டே இருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். மற்றொன்று சான்றிதழ். சொந்தச் சேவையகம் வைத்திருப்போர் சிலர் தமக்குத் தாமே சான்றிதழ் எழுதிக்கொள்கிறார்கள். எவலூஷன், "இச்சான்றிதழை நம்பலாமா?" என்று கேட்கும். எரிச்சலில் "நம்பு" என்று அழுத்திவிடுவது வழக்கம். அது தகாது. நடுவழியில் வேறொருவர் சேவையகம்போல் நடித்தாலும் அதே கேள்விதான் வரும். அப்போதும் உங்கள் கை பழக்கத்தில் "நம்பு" என்றே அழுத்தும். நிறுவனத்தாரிடம் அவர்களுடைய மூலச் சான்றிதழைக் கேட்டு வாங்கிக் கணிப்பொறியில் ஒருமுறை நிறுவிவிட்டால் இந்தத் தொல்லை நீங்கும்.

இவ்வளவும் கடந்தால் கடிதம், நாட்காட்டி, செயற்பட்டியல், முகவரிகள் அனைத்தும் வந்து நிற்கும். பிறருடைய ஒழிவு நேரம் தெரியும். விடுப்பில் இருக்கும்போது அனுப்பும் தானியங்கு மறுமொழியைக்கூட அங்கிருந்தே எழுதலாம். நிறுவனம் முழுவதற்குமான முகவரி ஏட்டை இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. தொடர்வண்டியில் வலை கிடைக்காத நேரத்தில் அதன் அருமை தெரியும்.

வாடகை வீட்டின் கதை வேறு. 2022 அக்டோபர் 1 முதல் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில், பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அஞ்சல் மென்பொருளிடமே கொடுத்து நுழையும் பழைய முறையை மைக்ரோசாப்ட் நிறுத்தத் தொடங்கியது. லினக்ஸ்காரர் பலர் இதைத் தமக்கு எதிரான சூழ்ச்சி என்று பேசினார்கள். நான் அப்படிக் கருதவில்லை. புதிய முறையான ஓ-ஆத் 2012-இல் வெளிவந்த பொதுவிதி; எந்த ஒரு நிறுவனத்துக்கும் உரியதன்று. அதன் பொருள் எளியது. நம் விடுதி அறைச் சாவியைச் சலவைக்காரரிடம் கொடுத்து அனுப்புவது பழைய முறை. காவலரிடம் சொல்லி, "இவர் இன்ன அறைக்கு, துணி எடுக்க மட்டும், இன்ன நாள்வரை வரலாம்" என்று சீட்டு எழுதி வாங்கிக் கொடுப்பது புதிய முறை. சீட்டுத் தொலைந்தால் சீட்டை மட்டும் தள்ளிவிடலாம். பூட்டை மாற்ற வேண்டியதில்லை. எவலூஷனில் ஓ-ஆத் முறையைத் தேர்ந்தெடுத்தால் ஒரு சிறு சாளரம் திறந்து, நிறுவனத்தின் நுழைவுப் பக்கத்தையே காட்டும். கடவுச்சொல்லை அங்கேதான் கொடுக்கிறோம். கைப்பேசிக்கு வரும் இரண்டாவது சரிபார்ப்பும் அங்கேயே நடக்கும். எவலூஷனின் கைக்கு வருவது சீட்டு மட்டுமே.

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் முட்டிக்கொள்கிறார்கள். கடவுச்சொல் சரி, கைப்பேசிச் சரிபார்ப்பும் சரி. ஆனால் கடைசியில் "நிர்வாகியின் ஒப்புதல் தேவை" என்று ஓர் அறிவிப்பு வந்து நிற்கும். இது பிழை அன்று. எவலூஷன் என்ற பெயருடைய மென்பொருள் தன் ஊழியரின் பெட்டியைத் திறக்க நிறுவனம் இன்னும் இசைவு தரவில்லை என்பதே இதன் பொருள். நிர்வாகி ஒருமுறை ஒப்புதல் அளித்துவிட்டால் அந்நிறுவனத்தில் உள்ள அத்தனை எவலூஷன்காரருக்கும் வழி பிறக்கும். அல்லது நிர்வாகியே ஒரு பதிவு செய்து, விண்ணப்ப எண், நிறுவன எண் என்ற இரண்டு நீண்ட எண்களைத் தரலாம். அவற்றை எவலூஷனின் கணக்கு அமைப்பில் இட்டால் போதும்.

ஒப்புதல் கேட்கத் தயங்கி, ஏற்கெனவே இசைவு பெற்ற வேறொரு மென்பொருளின் எண்ணைத் தம் மென்பொருளில் இட்டு நுழைகிறவர்கள் இருக்கிறார்கள். திறமைதான், நுழையவும் முடியும். ஆயினும் பயிற்சிக்குச் சென்ற மாணவர் இதைச் செய்யலாகாது என்பது என் உறுதியான கருத்து. நிறுவனத்தின் பதிவேட்டில் நீங்கள் வேறு பெயரில் நுழைந்தது தெரியும். விசாரணை வந்தால் "லினக்ஸ்மேல் உள்ள அன்பால் செய்தேன்" என்பது விடை ஆகாது. அலுவலகக் கடிதங்களையெல்லாம் தம் சொந்தப் பெட்டிக்குத் தானாகத் திருப்பிவிடும் ஏற்பாடும் இதே வகையைச் சேர்ந்ததே. அதைவிட ஆபத்தானது என்றும் சொல்லலாம்; ஏனெனில் நிறுவனத்தின் கமுக்கங்கள் நம் பெட்டியில் வந்து குவிகின்றன.

எவலூஷன் பிடிக்காதவர்களுக்கு என்ன வழி? தண்டர்பேர்டு வைத்திருப்போர் உண்டு. கறுப்புத் திரையில் மட் என்ற பழைய மென்பொருளைக் கொண்டு விசைப்பலகையாலேயே கடிதம் படிக்கும் வீரர்களும் நம் விடுதியில் உண்டு. அவர்களுக்கு ஏற்றது டேவ்மெயில். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையை நாம் அறிவோம். துரைக்கு இவர் மொழி தெரியாது, ஊராருக்குத் துரையின் மொழி தெரியாது. நடுவே நின்று இருபுறமும் பேசுபவர் துபாஷி. டேவ்மெயில் அப்படிப்பட்ட ஒரு துபாஷி. அது உங்கள் கணிப்பொறியிலேயே ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் அஞ்சல் மென்பொருள் அதனிடம் ஐமேப் பேசும். அது எக்ஸ்சேஞ்சிடம் இ.டபிள்யூ.எஸ். பேசும். நாட்காட்டி கால்டேவ் பேசும். முகவரி ஏடு கார்டுடேவ் பேசும். எக்ஸ்சேஞ்ச் திறக்க மறுத்த அதே வாசல்கள்! அமைப்பைத் தொடாமல் விட்டால் ஐமேப்புக்கு 1143, கடிதம் அனுப்ப 1025, நாட்காட்டிக்கு 1080, முகவரித் தேடலுக்கு 1389 என்ற போர்ட் எண்களில் அது காத்திருக்கும். உங்கள் மென்பொருளில் சேவையகத்தின் பெயராக உங்கள் கணிப்பொறியையே காட்டி இவ்வெண்களை இட வேண்டும். உங்கள் மென்பொருளுக்கும் துபாஷிக்கும் நடுவே நடக்கும் பேச்சு, நீங்கள் வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், மறையாக்கம் இன்றியே நடக்கும். ஒரே கணிப்பொறிக்குள் நடப்பதால் கேடில்லை. ஆகவே, பிற கணிப்பொறிகளிலிருந்து வரும் தொடர்பை ஏற்கும் ஏற்பாட்டை விடுதி வலையில் ஒருபோதும் திறந்துவைக்கக் கூடாது.

இரண்டையும் பல மாதங்கள் பயன்படுத்திப் பார்த்தவன் என்ற முறையில் என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். கூட்ட அழைப்புகள் மிகுதியாக வரும் வேலையானால் எவலூஷன். நாளெல்லாம் கடிதம் படித்து எழுதும் வேலையானால் துபாஷியும் உங்கள் விருப்பமான மென்பொருளும்.

கூட்ட அழைப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. நான் அறிந்த நண்பர் ஒருவர் ஒரு நிறுவனத்தின் நேர்காணலுக்கு அழைக்கப்பட்டிருந்தார். அழைப்பு அவருடைய பெட்டியில் நாட்காட்டிக் குறிப்பாக வந்தது. அவர் தாமே எழுதிய ஒரு சிறு நிரலால் அதைத் திரையில் படித்துவந்தார். 9.30 என்று காட்டியது. காலையிலேயே குளித்து, கழுத்துப்பட்டை கட்டி, கணிப்பொறியின் முன் உட்கார்ந்திருந்தார். ஒருவரும் வரவில்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று மனம் நொந்து வகுப்புக்குப் போய்விட்டார். நேர்காணல் மாலை 3 மணிக்கு! இ.டபிள்யூ.எஸ். நேரத்தை உலகப் பொது நேரத்தில் தருவது வழக்கம். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். அதைக் கூட்டிக்கொள்ள நிரலுக்கு யாரும் சொல்லவில்லை. மூன்று மணிக்கு நிறுவனத்தார் தொலைபேசியில் கூப்பிட்டதால் அவர் தப்பினார்.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. எக்ஸ்சேஞ்ச் உலகம் நம் நேரத்தை இந்தியா ஸ்டாண்டர்ட் டைம் என்று அழைக்கிறது. லினக்ஸ் உலகம் அதையே ஏசியா, கொல்கத்தா என்று ஊர்ப் பெயரால் அழைக்கிறது. ஒரு பெயரை மற்றதாக மாற்றும் அட்டவணை மென்பொருளிடம் இருக்க வேண்டும். எவலூஷனிலும் டேவ்மெயிலிலும் அது இருக்கிறது. நீங்கள் வேறு ஏதேனும் சிறு கருவியைப் பயன்படுத்தினால், முதல் நாளே கைப்பேசியிலிருந்து உங்களுக்கு நீங்களே ஓர் அழைப்பு அனுப்பி, இரண்டிலும் ஒரே நேரம் தெரிகிறதா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பானால் இருமுறை பாருங்கள். அங்கே கோடையிலும் குளிரிலும் கடிகாரத்தை மாற்றிக்கொள்கிறவர்கள் உண்டு.

சில சமயம் கடிதத்தோடு வின்மெயில்.டாட் என்ற பெயருடைய இணைப்பு ஒன்று வரும். அனுப்பியவர் படம் வைத்தேன், அறிக்கை வைத்தேன் என்பார். உங்களுக்கு இந்த மூட்டை ஒன்றுதான் தெரியும். அவுட்லுக் தன் பழைய வடிவத்தில் கடிதத்தைக் கட்டும்போது நேர்வது இது. எவலூஷனுக்கு இம்மூட்டையை அவிழ்க்கும் துணைக்கருவி உண்டு. கட்டளைத் திரையில் டிநெஃப் என்ற கருவியாலும் அவிழ்க்கலாம். அனுப்புபவரிடம் "ரிச் டெக்ஸ்ட் வேண்டாம், சாதாரண எழுத்திலோ எச்.டி.எம்.எல். வடிவிலோ அனுப்புங்கள்" என்று பணிவாகச் சொல்வது இன்னும் நல்லது. நம் மன்றத்தாருக்கு ஒரு குறிப்பு: உங்கள் பெட்டியில் அடைவுகளுக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தால், பழைய ஐமேப் கருவிகளில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியலாம். ஐமேப் தன் அடைவுப் பெயர்களுக்குத் தனியான ஓர் எழுத்தாக்க முறையை வைத்திருந்ததே காரணம். பெயர் கெட்டுவிடவில்லை, அஞ்ச வேண்டாம்.

இனி வரப்போவதையும் சொல்ல வேண்டும். எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் இ.டபிள்யூ.எஸ். வாசலை 2026 அக்டோபரிலிருந்து மூடத் தொடங்குவதாக மைக்ரோசாப்ட் 2023-இலேயே அறிவித்தது. அதன் இடத்தில் கிராப் என்ற புதிய வாசலைக் காட்டுகிறது. வெப்டேவுக்கு நேர்ந்ததே மீண்டும் நேர்கிறது. இம்முறை வேறுபாடு என்னவெனில், புதிய வாசலின் இலக்கணம் முன்கூட்டியே அனைவர் கையிலும் இருக்கிறது. எவலூஷனின் புதிய வெளியீடுகளில் மைக்ரோசாப்ட் 365 என்ற தனி வகை சேர்க்கப்பட்டிருக்கிறது. டேவ்மெயிலும் அப்பக்கம் திரும்ப முயல்கிறது. 2025 நவம்பரில் வந்த தண்டர்பேர்டு 145 முதன்முறையாக எக்ஸ்சேஞ்சுடன் நேராகப் பேசக் கற்றுக்கொண்டது. ஆயினும் அது அப்போது பேசியது இ.டபிள்யூ.எஸ்.; அதுவும் கடிதம் மட்டுமே, நாட்காட்டி இல்லை. சொந்தக் கட்டடத்தில் எக்ஸ்சேஞ்ச் வைத்திருப்போரை இந்த மூடல் தொடாது. உங்கள் லினக்ஸ் வெளியீட்டில் எவலூஷன் பழையதாக இருந்தால், பிளாட்பேக் வடிவில் புதியதை இறக்கிக்கொள்ளலாம். அதில் துணைப் பொதியும் சேர்ந்தே இருக்கும்.

நிறுவனத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே கணிப்பொறித் துறையாருக்கு ஒரு சிறு கடிதம் எழுதுங்கள். "லினக்ஸில் அஞ்சல் வருமா?" என்று கேட்காதீர்கள், வராது என்ற விடைதான் கிடைக்கும். என் பெட்டி எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் உள்ளதா, சொந்தச் சேவையகத்திலா. ஓ-ஆத் முறையில் எவலூஷனுக்கு நிர்வாகியின் ஒப்புதல் தர இயலுமா. தர இயலாதெனில் நிறுவனத்தின் பெயரில் ஒரு விண்ணப்ப எண் பதிந்து தர இயலுமா என்று கேளுங்கள். அவர் பொத்தானை அழுத்துவதற்கு முன் தம் மேலதிகாரியைக் கேட்க வேண்டியிருக்கும். ஒரு வாரம் பொறுங்கள். அதுவரை உலாவியிலேயே அஞ்சலைப் பார்க்கலாம். அது எந்த லினக்ஸிலும் திறக்கும். சில நிறுவனங்கள், தாங்கள் கொடுத்த கணிப்பொறியைத் தவிர வேறெதிலிருந்தும் பெட்டியைத் திறக்கவே விடுவதில்லை. அங்கே இக்கட்டுரையில் சொன்ன எந்த வழியும் பயன்படாது. அவர்கள் தரும் கணிப்பொறியை அலுவலக அஞ்சலுக்கு வைத்துக்கொண்டு, நம் வேலையை நம் லினக்ஸில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.